மைக்ரோவேவ் அடுப்பு: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



எமது இல்லங்களில் மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றி இரு வகையான மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அதை ஒரு நச்சுப் பெட்டியாகக் கருதி அஞ்சுகின்றனர். "அதில் சூடாக்கிய சாப்பாட்டைத் தின்றால் புற்றுநோய் வருமாமே!" என்று உம்மும்மா சொன்னதைக் கேட்டு, பெருநாளைக்கு மகன் வாங்கிக் கொடுத்த அடுப்பை உறையோடு மூடி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. மற்றொரு சாராரோ அதை விளையாட்டுப் பொருளாகவே எண்ணுகின்றனர். எட்டு வயதுப் பிள்ளை தானே கோப்பையை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்துகிறது. உம்மா திரும்பியும் பார்ப்பதில்லை.

பெண்களுக்கான வகுப்பு முடிந்ததும் கேள்விகளை எழுதி அனுப்பும் துண்டுக் கடிதங்களில் இந்த அடுப்பைப் பற்றிய கேள்வியும் அடிக்கடி வருகிறது. "இதில் சமைத்ததை உண்ணலாமா?" என்பதுதான் அது. ஹலாலான உணவு எந்த அடுப்பில் சூடானாலும் ஹலாலான உணவுதான். ஆனால், உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று: "இதை எவ்வாறு பாவித்தால் என் பிள்ளைக்கும், என் வீட்டாருக்கும் தீங்கு நேராது?" அந்தக் கேள்விக்கே இக்கட்டுரை விடை தர முயல்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில், எதிரி விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிகளுக்காக மக்னெட்ரோன் எனும் குழாய் பெருமளவில் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ரேதியோன் நிறுவனத்தில் பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர் என்பவர் 1945ஆம் ஆண்டில், இயங்கிக் கொண்டிருந்த மக்னெட்ரோனுக்கு அருகில் நின்றபோது தமது சட்டைப் பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே இந்த அடுப்பு. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டிருந்தது. வீட்டு மேசையில் வைக்கத்தக்க அடுப்பு பரவலானது 1967இன் பின்னர்தான்.

மக்னெட்ரோன் வெளியிடும் அலைகள் செக்கனுக்கு 245 கோடித் தடவை அதிர்கின்றன. உணவிலுள்ள நீரின் நுண்துகள்கள் அந்த அதிர்வுக்கேற்ப அங்குமிங்கும் புரள முயல்கின்றன. இரு கைகளையும் உரசினால் சூடு பிறப்பது போல அந்த அசைவே வெப்பமாக மாறுகிறது. ஆகவே இவ்வடுப்பில் நெருப்பு இல்லை. உணவுதான் தனக்குள்ளே சூடாகிறது.

இங்கே இரண்டு விடயங்களை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த அலைகள் உணவுக்குள் ஓரிரு சென்றிமீற்றர் ஆழத்துக்கே வலுவாகச் செல்லும். அதற்கும் உள்ளே உள்ள பகுதி, வெளிப்புறச் சூடு மெல்லப் பரவுவதாலேயே சூடாகிறது. இரண்டு, பெட்டிக்குள் அலைகள் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஓரிடத்தில் கொதிக்கும், பக்கத்திலேயே குளிர்ந்து கிடக்கும். கண்ணாடித் தட்டு சுழல்வது இதன் பொருட்டுத்தான். இந்த இரண்டும் விளங்கிவிட்டால், இனிச் சொல்லப்போகும் அறிவுரைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

வதந்திகளும் உண்மையும்

"அலைகள் உணவிலே தங்கிவிடும்" என்பது பரவலான ஓர் எண்ணம். மின்குமிழை அணைத்தால் வெளிச்சம் அறைக்குள் தங்கி நிற்கிறதா? அவ்வாறே, அடுப்பு நின்ற கணமே அலைகளும் இல்லாமற் போகின்றன. எக்ஸ்-றே கதிர்களைப் போன்று உடலின் அணுக்களைச் சிதைக்கும் சக்தி இந்த அலைகளுக்குக் கிடையாது. இவை வானொலி அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றால் செய்யக்கூடியது சூடாக்குவது மட்டுமே.

"சத்துகள் அழிந்துவிடும்" என்பதும் அப்படித்தான். எந்த அடுப்பில் சமைத்தாலும் சில சத்துகள் குறையவே செய்யும். நீண்ட நேரம் நிறைய நீரில் வேகும் மரக்கறியின் வைற்றமின் சி நீரோடு போய்விடுகிறது. குறைந்த நீரில் குறைந்த நேரத்தில் வேகும்போது அது அதிகம் மிஞ்சுகிறது. ஆகவே இவ்விடயத்தில் மைக்ரோவேவ் ஒரு குற்றவாளியல்ல.

அலைகள் வெளியே கசியாதிருப்பதற்காகக் கதவுக் கண்ணாடியில் சிறு துளைகள் கொண்ட உலோக வலை பதிக்கப்பட்டுள்ளது. அலையின் நீளம் சுமார் 12 சென்றிமீற்றர். துளையோ ஓரிரு மில்லிமீற்றர். எனவே வெளிச்சம் துளையால் வரும், அலை வராது. கதவைத் திறந்ததும் அடுப்பை நிறுத்தும் பாதுகாப்பு ஆளிகளும் உள்ளன. ஆனால் கதவு வளைந்திருந்தால், பிணைச்சல் தளர்ந்திருந்தால், கண்ணாடி வெடித்திருந்தால், கதவு இறுக மூடாவிட்டால் அந்த அடுப்பைப் பாவிக்கவே கூடாது. அஞ்ச வேண்டிய இடம் இதுதான். ஆதாரமில்லாத செய்திகளுக்கு அஞ்சிவிட்டு, உடைந்த கதவைக் கயிற்றால் கட்டிப் பாவிப்பது அறிவுடைமையாகாது.

குழந்தையின் பால் போத்தல்

தாய்மார்களே, இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்களாயின் இதை வையுங்கள்: கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள்.

போத்தலின் வெளிப்புறம் தொடுவதற்கு இளஞ்சூடாக இருக்கும். உள்ளே ஓரிடத்தில் பால் கொதிநிலையில் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்து ஏமாந்து கொடுத்தால் பிஞ்சு வாயும் தொண்டையும் வெந்துவிடும். அந்தக் குழந்தையால் "சுடுகிறது" என்று சொல்லவும் முடியாது. கறந்து வைத்த தாய்ப்பாலை இவ்வாறு சூடாக்கினால் நோயெதிர்ப்புப் பொருட்கள் சிலவும் குறைகின்றன. ஒரு பாத்திரத்தில் சுடுநீர் எடுத்து, போத்தலை அதற்குள் சில நிமிடங்கள் நிற்க வையுங்கள். பின்னர் மெல்லச் சுழற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். எங்கள் மூத்தோர் செய்த முறையும் இதுவே.

பெரிய பிள்ளைகளுக்குச் சூடாக்கும் உணவையும் நன்றாகக் கிளறி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, நீங்கள் சுவைத்துப் பார்த்த பின்னரே கொடுங்கள். பணிஸ், கேக் போன்றவற்றின் மேற்பாகம் ஆறியிருக்க, உள்ளே இருக்கும் ஜேமும் சீனிப் பாகும் நாக்கைப் பொசுக்கும்.

கொதிக்காமல் கொதிக்கும் நீர்

கோப்பையில் வெறும் நீரை நெடுநேரம் சூடாக்கினால், அது 100 பாகையைத் தாண்டியும் கொப்புளம் விடாமல் அமைதியாக நிற்பதுண்டு. அழுக்கில்லாத, கீறலில்லாத புதிய கண்ணாடிக் கோப்பைகளில் இது அதிகம் நேரும். கையை அசைத்தவுடன், அல்லது தேயிலையையோ சீனியையோ போட்டவுடன், நீர் ஒரேயடியாகப் பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும்.

இதைத் தடுப்பது எளிது. கோப்பைக்குள் ஒரு மரக்கரண்டியை வைத்துச் சூடாக்குங்கள். நேரத்தைக் கூட்டி வைக்காதீர்கள். நின்ற பின் அரை நிமிடம் பொறுத்து, முகத்தைத் தூர வைத்துக்கொண்டு எடுங்கள். தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கக் கேத்தல் இருக்க, மைக்ரோவேவை நாடாதிருப்பதே மேல்.

கோதுடன் கூடிய முட்டையை உள்ளே வைக்கவே வேண்டாம். உள்ளே உருவாகும் ஆவி வெளியேற வழியின்றி முட்டை வெடிக்கும். கோது நீக்கிய அவித்த முட்டையைச் சூடாக்கினாலும் இதே ஆபத்து உண்டு. சில வேளை வாயில் வைத்துக் கடிக்கும்போதே வெடிக்கும். நான்காக வெட்டிச் சூடாக்குங்கள். உருளைக்கிழங்கு, ஈரல், சொசேஜ் போன்ற தோலோ சவ்வோ உள்ளவற்றை முள்ளுக்கரண்டியால் குத்திய பின் வையுங்கள். இறுக மூடிய டப்பாவையோ போத்தலையோ வைக்காதீர்கள். செத்தல் மிளகாயை இதில் வறுக்க முனையாதீர்கள். அதன் காரப் புகை கதவைத் திறந்ததும் கண்ணையும் மூச்சையும் தாக்கும். எண்ணெயில் பொரிப்பதற்கும் இது உகந்ததல்ல.

தற்செயலாகச் சுட்டுவிட்டால், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் கட்டி எதையும் வைக்காதீர்கள். முகம், கண், வாய் சுட்டிருந்தால், அல்லது பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எந்தப் பாத்திரம் ஏற்றது?

வெப்பம் தாங்கும் கண்ணாடியும், சாதாரண வெள்ளைப் பீங்கானும் ஏற்றவை. பொன்னிற, வெள்ளிநிறக் கரையிட்ட பீங்கான்கள் ஏற்றவையல்ல. அந்தக் கரை உலோகமாதலால் தீப்பொறி பறக்கும். எவர்சில்வர் பாத்திரம், அலுமினியத் தாள், கம்பி சுற்றிய பொதி, கரண்டி ஆகியனவும் வேண்டாம். மெலமைன் கோப்பைகள் தாமே சூடாகும். சூட்டில் அவற்றிலுள்ள இரசாயனமும் உணவில் கலக்கக்கூடும்.

ஐஸ்கிரீம் டப்பா, யோகட் கோப்பை, மார்ஜரின் டப்பா ஆகியவை குளிர்ந்த உணவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் சூடாக்கக் கூடாது. கடைச் சோற்றுப் பார்சலை லஞ்ச் சீற்றோடு அப்படியே உள்ளே வைக்கும் வழக்கமும் தவறானது. சோற்றைப் பீங்கானுக்கு மாற்ற அரை நிமிடம் போதும். செய்தித்தாளையும் மண்ணிறக் கடதாசிப் பையையும் வைத்தால் அவை தீப்பற்றலாம்.

ஒரு பீங்கான் ஏற்றதா எனச் சந்தேகம் எழுந்தால் இவ்வாறு சோதியுங்கள். அதை வெறுமையாக உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பையில் நீர் வைத்து ஒரு நிமிடம் இயக்குங்கள். நீர் சூடாகி, பீங்கான் குளிர்ந்திருந்தால் அது ஏற்றது. பீங்கானே சூடேறியிருந்தால் அதை விலக்கி விடுங்கள். உலோகக் கரை உள்ளவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

வெறும் அடுப்பை ஒருபோதும் இயக்காதீர்கள். அலைகளை உறிஞ்ச உணவோ நீரோ இல்லாதபோது அவை திரும்பி மக்னெட்ரோனையே பழுதாக்கும். ஈரத் துணி உலர்த்துவதற்கும் இந்த அடுப்பு அல்ல. 2020இல் கொரோனாக் காலத்தில் கிருமி நீக்குவதாக எண்ணி நாணயத்தாள்களை உள்ளே வைத்துக் கருக்கிவிட்ட சம்பவங்கள் தென்கொரியாவில் நிகழ்ந்தன. தாளிலுள்ள உலோக இழை சூடாகித் தீப்பற்றுவதே காரணம்.

மிஞ்சிய சோறும் ஸஹர் உணவும்

ரமழானில் இந்த அடுப்பின் உதவி பெரிது. இரவில் சமைத்ததை ஸஹரில் சில நிமிடங்களில் சூடாக்கிவிடலாம். உணவு வீணாகாமலும் காக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

சமைத்த சோற்றை வெளியே நெடுநேரம் வைத்திருந்தால் அதில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு சூட்டினால் அழிவதில்லை. மாலையில் சமைத்து, விடியும் வரை குசினி மேசையில் மூடிக் கிடந்த புரியாணியை எவ்வளவு சூடாக்கினாலும் அது பாதுகாப்பான உணவாகாது. வாந்தியும் வயிற்றோட்டமும் நோன்பாளியை வாட்டும்; சிறுவர்களையும் முதியோரையும் கடுமையாகப் பாதிக்கும். எமது நாட்டின் வெப்பத்தில், உணவு ஆறியதும், ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பெரிய சட்டியோடு வைக்காமல் தட்டையான பாத்திரங்களில் பரப்பி வைத்தால் விரைவில் ஆறும். சோற்றை மறுநாளைக்குள் உண்டு முடியுங்கள்.

சூடாக்கும்போது பீங்கானின் நடுவில் குவிக்காமல் வளையமாகப் பரப்புங்கள். சிறிது நீர் தெளித்து, ஆவி வெளியேறச் சற்று இடம் விட்டு மூடுங்கள். பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறுங்கள். முடிந்த பின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே சூடு பரவும். முழுவதும் ஆவி பறக்குமளவுக்கு, அதாவது 74 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். ஒரு முறை சூடாக்கி மிஞ்சியதை மறுபடி சூடாக்க வேண்டாம். ஆகவே தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

உறைந்த இறைச்சியை இதில் இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும். ஓரங்கள் அரைகுறையாக வெந்திருக்கும்; அதை மீண்டும் எடுத்து வைத்தால் கிருமி பெருகும்.

மின்சாரம்: கவனிக்க வேண்டியவை

800 வோட்ஸ் வெப்பம் தரும் அடுப்பு, மின்சாரத்தில் 1,200 வோட்ஸ் வரை இழுக்கிறது. எமது 230 வோல்ட் மின்சாரத்தில் இது 5 அம்பியரைத் தாண்டும். எனவே பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் உருண்டைக் கால் சொக்கற்றில் இதைச் செருகுவது ஆபத்து. பல பொருட்களைச் செருகும் நீட்டு வயரிலும் வேண்டாம். எர்த் இணைப்புள்ள 13 அல்லது 15 அம்பியர் சொக்கற்றில் தனியாகச் செருகுங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அடுப்புக் கொண்டுவரும் குடும்பங்களுக்கு ஒரு சொல். துபாய், கட்டார், குவைத் ஆகிய இடங்களின் மின்சாரம் எங்களைப் போன்று 50 ஹேர்ட்ஸ் கொண்டது. சவூதி அரேபியாவிலோ 60 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸுக்கென்று மட்டும் செய்யப்பட்ட அடுப்பின் மின்மாற்றி இங்கே அளவுக்கு மீறிச் சூடாகும். வோல்ட் அளவு பொருந்தினாலும் இந்தக் குறை தீராது. அடுப்பின் பின்புறத் தகட்டில் "50" என்ற எண் இருக்கிறதா எனப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பின்புறமும் பக்கங்களும் சுவரோடு ஒட்டாமல், கைநூலில் சொன்ன இடைவெளி விட்டு வையுங்கள். மேலே துணி விரித்துக் காற்றுத் துளைகளை மூடாதீர்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். அப்போதும், மின்சாரம் தடைப்பட்டபோதும் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. செலவைப் பற்றியும் கேட்பீர்கள்: 1,200 வோட்ஸ் அடுப்பு 5 நிமிடம் இயங்கினால் ஓர் அலகில் பத்திலொரு பங்கே செலவாகும்.

சுத்தம் செய்வது எப்படி?

தெறித்த கறியும் எண்ணெயும் உள்ளே படிந்து கிடந்தால் அவையும் அலைகளை உறிஞ்சிக் கருகும். பின்பு தீப்பொறி பறக்கும். கதவின் விளிம்பில் அழுக்குப் படிந்தால் கதவு சரியாக மூடாது. எனவே சுத்தம் என்பது இங்கே அழகுக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான். உணவைப் பாதியளவில் மூடிச் சூடாக்கினால் அழுக்கே குறையும். சிந்தியதை அன்றன்றே துடைத்தால் வேலையும் குறையும்.

வாரம் ஒரு முறை இவ்வாறு செய்யுங்கள்:

1. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு கோப்பை நீர் ஊற்றி, ஒரு தேசிக்காயை வெட்டிப் போடுங்கள். அல்லது ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். மரக்கரண்டி ஒன்றையும் உள்ளே வையுங்கள்.

2. மூன்று முதல் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். நின்ற பின் கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ஆவி அழுக்கை இளக்கிவிடும். பாத்திரமும் சற்று ஆறும்.

3. பிளக்கைக் கழற்றுங்கள். பாத்திரத்தைக் கவனமாக எடுத்துவிட்டு, மென்மையான ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கூரைப் பகுதியை மறந்து விடாதீர்கள்.

4. கண்ணாடித் தட்டு ஆறிய பின் அதையும் அதன் கீழுள்ள உருளை வளையத்தையும் சவர்க்கார நீரில் கழுவி, உலர்த்தி வையுங்கள். சூடான தட்டில் குளிர்நீர் பட்டால் அது வெடிக்கும்.

5. கதவின் உட்புறத்தையும் நான்கு விளிம்புகளையும் துடையுங்கள்.

6. கதவைச் சற்று நேரம் திறந்து வைத்து ஈரம் உலரவிட்டு, பின் மூடுங்கள்.

உட்சுவரில் மட்டை போன்ற ஒரு தகட்டைக் காண்பீர்கள். அது பொதியட்டை அல்ல; அலைகள் வரும் வழியை மூடியிருக்கும் மைக்காத் தகடு. அதைக் கழற்றாமல் மெல்லத் துடையுங்கள். அது கருகித் துளைபட்டிருந்தால் புதியதை மாற்றும் வரை அடுப்பைப் பாவிக்க வேண்டாம்.

கம்பிச் சுருளும் கரகரப்பான தூளும் வேண்டாம். உட்பூச்சு கீறி, துருப்பிடித்து, பொறி பறக்கும். காற்றுத் துளைகளுக்குள் எந்தத் திரவத்தையும் தெளிக்காதீர்கள். மீன் வாடை போகாவிட்டால் ஒரு சிறு கோப்பையில் அப்பச்சோடா வைத்து இரவு முழுதும் மூடி விடுங்கள். காலையில் எடுத்துவிட்ட பின்பே இயக்குங்கள்.

எறும்பும் கரப்பானும் பல்லியும் இந்தப் பெட்டியின் வெதுவெதுப்பை விரும்புபவை. பின்புறத் துளையால் புகுந்து உள்ளிருக்கும் மின்பாகங்களைக் கெடுக்கும். மருந்து தெளித்து விரட்டாதீர்கள். உணவுத் துணுக்கு இல்லாமல், சுற்றுப்புறத்தை உலர்வாக வைத்திருப்பதே சரியான வழி.

தீப்பற்றினால், பழுதானால்

உள்ளே தீ தெரிந்தால் பதறிக் கதவைத் திறக்காதீர்கள். காற்றுக் கிடைத்தால் தீ வளரும். கதவை மூடியபடியே வைத்து, சுவரிலுள்ள ஆளியை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். தீ தானாகவே அடங்கும். அடங்காது வெளியே பரவினால் பிள்ளைகளோடு வெளியேறி, 110 என்ற இலக்கத்தில் தீயணைப்புப் பிரிவை அழையுங்கள்.

பழுதானால் வீட்டிலுள்ள ஆண்களோ, வானொலி திருத்தத் தெரிந்த மருமகனோ திறந்து பார்க்க அனுமதிக்காதீர்கள். உள்ளே இரண்டாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு பாகம் உண்டு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஓர் ஆளின் உயிரைப் பறிக்க அது போதும். தேர்ச்சி பெற்ற திருத்துநரிடமே கொடுங்கள்.

சகோதரிகளே! ஒரு கத்தியைக் கையில் கொடுக்கும் முன் மகளுக்கு அதைப் பிடிக்கக் கற்றுக் கொடுக்கிறோம். இந்த அடுப்புக்கும் அதே முறைதான். மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் கற்றுக் கொடுங்கள். நள்ளிரவில் பசித்துக் குசினிக்கு வருபவன் அவன்தான். வீட்டு வேலைக்கு உதவ வருபவருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உம்மும்மாவுக்கும் சொல்லுங்கள். பால் போத்தல் வேண்டாம், முட்டை வேண்டாம், உலோகம் வேண்டாம், வெறுமையாக இயக்க வேண்டாம், தீயென்றால் கதவைத் திறக்க வேண்டாம் என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அடுப்புக்கு அருகில் சுவரில் ஒட்டி விடுங்கள். இன்று மாலையே அதைச் செய்யலாம்.